நாயும் மனுசனும் ஒரே ஜெல்லுல: பரவுற எலும்பு கேன்சர் செல்லோட புரோட்டீனை ஒப்பிட்டுப் பாக்குறது எப்படி

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு மாமாக் கடையில உக்காந்து தே தாரேக் குடிச்சிட்டு இருந்தேன், எங்க பக்கத்து வீட்டு தங்கச்சி வந்து அக்கா எனக்கு ஃபைனல் இயர் புராஜெக்ட் டைட்டில் கெடச்சிருச்சு, பரவுற எலும்பு கேன்சர் செல்லுல நாயோடதும் மனுசனோடதும் புரோட்டீன் எப்படி மாறுதுன்னு பாக்கணுமாம், எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலன்னு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டா. அவ ரொட்டி சானாய் ஆறிப் போற வரைக்கும் சொன்னேன். சொன்னதுல பாதி அவ மண்டையில ஏறலன்னு அவ முகத்துலயே தெரிஞ்சுது, அதான் எழுதியே வச்சிடலாம்னு.

மத்த எல்லாத்தையும் மறந்தாலும் இத மட்டும் மறக்காதீங்க. நாய் செல்லையும் மனுச செல்லையும் நேருக்கு நேர் நிக்க வச்சு ஒப்பிடாதீங்க. நாய்ல அவ்வளவா பரவாத செல்லு ஒன்னு, அதுலேர்ந்தே பொறந்து நல்லா பரவுற செல்லு ஒன்னு, இது ஒரு ஜோடி. மனுசன்லயும் அதே மாதிரி ஒரு ஜோடி. முதல்ல ஜோடிக்குள்ள எது ஏறுது எது எறங்குதுன்னு பாக்கணும், அப்புறம் அந்த ஏத்த எறக்கத்த மட்டும்தான் ரெண்டு இனத்துக்கும் நடுவுல ஒப்பிடணும்.

இது தெரியாம நான் மாஸ்டர்ஸ் பண்ணப்போ மூணு வாரம் வீணாக்கினேன். டி17னு ஒரு நாய் செல்லு, சாவோஸ்-2னு ஒரு மனுச செல்லு, ரெண்டோட புரோட்டீனையும் ஒரே ஜெல்லுல ஓட்டி எஸ்ரின்னு ஒரு புரோட்டீனுக்கு வெஸ்டர்ன் பிளாட் போட்டேன், அதாவது ஜெல்லுல அளவு வாரியா பிரிஞ்ச புரோட்டீன தாளுக்கு மாத்தி, அந்த ஒரு புரோட்டீன மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடிய ஊத்தி பட்டையா பாக்குறது. மனுசனுக்கு பட்டை தடிமனா வந்துச்சு, நாய்க்கு மெல்லிசா வந்துச்சு. ஆஹான்னு ஸ்லைடுல நாய்ல எஸ்ரின் கம்மின்னு பெரிய எழுத்துல போட்டுட்டேன். மீட்டிங்ல ஒரு சீனியர் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, இந்த ஆன்டிபாடி எந்த இனத்தோட எஸ்ரினுக்கு செஞ்சதுன்னு. மனுசனோடதுக்கு. முடிஞ்சுச்சு கதை. பட்டை மெலிஞ்சது புரோட்டீன் கம்மியா இருக்கிறதாலயா, ஆன்டிபாடி நாய் புரோட்டீன சரியா பிடிக்காததாலயா, இல்ல டி17 நுரையீரலுக்குப் பரவுன கட்டியிலேர்ந்து எடுத்த செல்லு, சாவோஸ்-2 அப்படி இல்ல, அதனாலயான்னு யாராலயும் சொல்ல முடியாது. மூணு காரணம் ஒரே பட்டைக்குள்ள கலந்து கெடக்கு, ரிசல்ட் கொசோங், ஒன்னுமே இல்ல.

எதுக்கு நாய்னு வீட்டுல கேப்பாங்க, பதில் வச்சுக்கோங்க. ஆஸ்டியோசார்கோமா, அதான் இந்த எலும்பு கேன்சர், மனுசங்கள்ல ரொம்ப அபூர்வம், வருசத்துக்கு பத்து லட்சம் பேர்ல மூணு நாலு பேருக்குத்தான் வரும், அதுவும் பெரும்பாலும் டீனேஜ் பசங்களுக்கு, முட்டி பக்கத்துல. அமெரிக்காவுல வருசத்துக்கு ஆயிரம் கேஸ் வாக்குலதான் வருது, ஆனா அங்கயே நாய்ங்கள்ல பத்தாயிரத்துக்கு மேல வருது. ராட்வைலர், கிரேட் டேன், கிரேஹவுண்ட், செயின்ட் பெர்னார்ட் மாதிரி பெரிய உடம்பு நாய்ங்கதான் அதிகம் மாட்டும். நம்ம ஊர்ல கேட்டுக்குள்ள காவலுக்கு ராட்வைலர் வளக்கிறவங்க நெறைய பேரு, அது நொண்டினா சுளுக்குன்னு மஞ்சள் பத்து போட்டு விட்டுடுவாங்க, எக்ஸ்ரே எடுக்கும்போது எலும்பு அரிச்சுப் போயிருக்கும். கால எடுத்துட்டாலும் கீமோ குடுக்கலன்னா பத்துல ஒன்பது நாய் ஒரு வருசத்துக்குள்ள போயிடும், ஏன்னா கண்டுபிடிக்கும்போது நுரையீரல்ல எக்ஸ்ரேக்கு ஒன்னும் தெரியலன்னாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுல ஏற்கனவே பரவி இருக்கும். மனுசப் பிள்ளைங்களுக்கும் உயிர எடுக்கிறது கால்ல இருக்கிற கட்டி இல்ல, நுரையீரலுக்குப் போனதுதான். அதனால ரெண்டு இனத்துலயும் பரவும்போது ஒரே புரோட்டீன் மாறுச்சுன்னா, அது ஏதோ தற்செயலா மாறினதா இருக்க வாய்ப்பு கம்மி, பரவுறதுக்கே தேவைப்படுற புரோட்டீனா இருக்கலாம். அந்த வடிகட்டுறதுக்குத்தான் நாய் வேணும்.

சரி, செல்லு தேர்வு. இங்கதான் அதிக நேரம் போடணும், ஆனா எல்லாரும் லேப் ஃப்ரீசர்ல என்ன கெடக்கோ அத எடுத்து ஓட்டிடுவாங்க. மனுசன் பக்கம் ரெண்டு நல்ல ஜோடி இருக்கு. ஒன்னு எச்ஓஎஸ்ஸும் 143பியும், 13 வயசு பொண்ணு ஒருத்தியோட கட்டியிலேர்ந்து வந்த செல்லு எச்ஓஎஸ், அதுக்குள்ள எலி வைரஸ் மூலமா கே-ராஸ் ஜீன ஏத்தி மாத்தினதுதான் 143பி, எலிக்கு ஊசி போட்டா சரசரன்னு நுரையீரலுக்குப் போகும். பாக்க நல்லா இருக்கு, ஆனா யோசிங்க, இந்த ஜோடியில வர்ற வித்தியாசத்துல பாதி கே-ராஸ் பண்ற வேலையா இருக்கலாம், பரவுறதோட வேலை இல்ல. எனக்குப் பிடிச்சது ரெண்டாவது ஜோடி, சாவோஸ்-2வும் எல்எம்7உம். சாவோஸ்-2 செல்ல எலிக்குப் போட்டு, நுரையீரல்ல முளைச்சத எடுத்து வளத்து, திரும்ப எலிக்குப் போட்டு, இப்படி ஏழு சுத்து சுத்தி எடுத்ததுதான் எல்எம்7. வெளியிலேர்ந்து ஜீன் எதுவும் ஏத்தல, பரவத் தெரிஞ்சது மட்டும் தங்குச்சு, அவ்வளவுதான். நாய் பக்கம் இதே மாதிரி பிஓஎஸ்னு ஒன்னு, அத எலி நுரையீரல் வழியா எடுத்து ஜப்பான்காரங்க 1999ல வெளியிட்ட எச்எம்பிஓஎஸ்னு ஒன்னு. பாத்தீங்களா, ரெண்டு ஜோடியும் ஒரே வழியில உருவானது. அதனாலதான் ஒப்பிட முடியுது. சாவோஸ்-2 கூட எல்எம்7, பிஓஎஸ் கூட எச்எம்பிஓஎஸ், இத மட்டும் வச்சே ஒரு முழு தீசிஸ் எழுதலாம்.

டி17 பதினோரு வயசு பூடில் நாயோட நுரையீரல் கட்டியிலேர்ந்து வந்தது, வாங்குறதுக்கு சுலபம், ஆனா அதுக்கு பரவாத கூடப் பொறந்தது இல்ல, ஒத்தையா நிக்குது. ஆன்டிபாடி சோதிக்கவும் கை பழகவும் வச்சுக்கோங்க, முடிவு எடுக்க வேணாம்.

எலிக்குள்ள போயிட்டு வந்த செல்லுன்னதால ஒரு தலைவலி உண்டு, எலியோட செல்லு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வந்திருக்கலாம். அதனால உருக்கின செல்லு ஃப்ளாஸ்க்ல வளர ஆரம்பிச்சதும் டிஎன்ஏவ வச்சு இனம் பாக்குற பிசிஆர் ஒன்னு போட்டு எலி இல்லன்னு உறுதி பண்ணுங்க, மனுச செல்லுக்கு டிஎன்ஏ கைரேகை மாதிரியான எஸ்டிஆர் புரொஃபைல் எடுத்து பேரு சரிதானான்னு பாருங்க, மைக்கோபிளாஸ்மாங்கிற பொடி பாக்டீரியாவுக்கு டெஸ்ட்டும் கூடவே. மைக்கோபிளாஸ்மா இருந்தா மீடியம் கலங்காது, செல்லும் சாகாது, சும்மா புரோட்டீன மட்டும் மாத்தி வச்சிட்டு அமைதியா உக்காந்திருக்கும், அதான் மோசம்.

இன்னொன்னு, லேப்ல மலாய் முஸ்லிம் நண்பர்கள் இருந்தா முதல் நாளே இது நாய் செல்லுன்னு சொல்லிடுங்க. கிளவுஸ் போட்டு செய்றதுல ஒன்னும் இல்லன்னு சிலர் சொல்லுவாங்க, சிலர் தொட விரும்ப மாட்டாங்க, ரெண்டுமே சரிதான். ஃப்ளாஸ்க்ல மஞ்சள் டேப்ப ஒட்டி வச்சா போதும். சொல்லாம வச்சு பின்னாடி தெரிஞ்சா வீணா மனசு கஷ்டம்.

வளக்கிறது பத்தி பெருசா சொல்ல ஒன்னும் இல்ல, டிஎம்இஎம் மீடியம், 10 சதவீதம் மாட்டு சீரம், 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டையாக்சைடு. நாய் உடம்பு 38லேர்ந்து 39 டிகிரி சூடு, ஆனா செல்ல எல்லாரும் 37லதான் வளக்கிறாங்க, நாலு செல்லுக்கும் ஒரே மீடியம் ஒரே சூடு இருந்தா அதுவே நமக்கு வசதி. எப்ப அறுவடை பண்றீங்கங்கறதுதான் முக்கியம். நாலுமே 70லேர்ந்து 80 சதவீதம் தட்டு நெறைஞ்சிருக்கும்போது எடுங்க. ஒன்னு அம்பது சதவீதத்துல, இன்னொன்னு முழுசா நெறைஞ்சு ஒன்னு மேல ஒன்னு ஏறி நிக்கும்போது எடுத்தா, ஒட்டிக்கிற புரோட்டீனும் செல்லோட எலும்புக்கூடு புரோட்டீனும் கூட்டத்துக்கு ஏத்த மாதிரி மாறும், நீங்க அளந்தது பரவுறத இல்ல, நெரிசல. பரவுற செல்லு வேகமா பெருகினா, அத கம்மியா விதைச்சாத்தான் எல்லாம் ஒரே நாள்ல ரெடியாகும். இத ஒரு வாரம் சும்மா எண்ணிப் பாத்து கண்டுபிடிங்க, தைப்பூசம் வார லீவு வருதுன்னா அதுக்கு முன்னாடியே கணக்கு போட்டுக்கோங்க, பத்துமலை கூட்டத்துல மாட்டிக்கிட்டு செல்ல நெனச்சு அழ வேணாம்.

எடுக்கும்போது டிரிப்சின் ஊத்தி கழட்டாதீங்க. டிரிப்சின் செல்லு மேல இருக்கிற புரோட்டீன் எல்லாத்தையும் கத்தரிச்சிடும், பரவுறதுக்கு வேலை செய்ற ஆளுங்க நெறைய பேரு அங்கதான் இருக்காங்க. தட்ட ஐஸ் மேல வச்சு, குளிர்ந்த பிபிஎஸ் உப்புத் தண்ணியில மூணு தடவை அலசி, ஸ்கிரேப்பரால சுரண்டி எடுங்க. மூணு தடவைன்னு சும்மா சொல்லல, மாட்டு சீரத்துல இருக்கிற ஆல்புமின் 66 கிலோடால்டன்ல (புரோட்டீன் எடைக்கு அதான் அளவு) ஜெல்லுல பெரிய குண்டா உக்காந்து பக்கத்துல இருக்கிறதெல்லாம் மறைக்கும், புரோட்டீன் துண்டோட எடைய வச்சு ஆள அடையாளம் காட்டுற மாஸ் ஸ்பெக்ல போனா மாட்டு புரோட்டீன நாய் புரோட்டீன்னு கம்ப்யூட்டர் தப்பா படிக்கும். எனக்கு ஒரு தடவை நாய் செல்லுல ரத்த புரோட்டீனா வரிசையா ஏறி வந்துச்சு, பெரிய கண்டுபிடிப்புன்னு நெனச்சேன், கடைசியில பாத்தா சரியா அலசல.

செல்ல உடைக்கிறதுக்கு எந்த பஃபர்ங்கறது அடுத்து நீங்க என்ன பண்ணப் போறீங்கங்கறத பொறுத்தது. வெஸ்டர்னுக்குன்னா ரிப்பா பஃபர், அதுல புரோட்டீன வெட்டுற புரோட்டியேஸுக்கும் ஃபாஸ்ஃபேட்ட கழட்டுற ஃபாஸ்ஃபட்டேஸுக்கும் தடுப்பு மருந்து அப்பவே கலக்கணும், நேத்து கலந்து வச்சது வேணாம். ஐஸ்ல அரை மணி நேரம், அப்புறம் குளிர் சென்ட்ரிஃபியூஜ்ல வேகமா சுத்தி மேல் தண்ணிய எடுத்துக்கோங்க. முதல்ல சார்ஜ் வாரியா, அப்புறம் அளவு வாரியா பிரிக்கிற ரெண்டு டைமென்ஷன் ஜெல்லுக்குப் போறீங்கன்னா ரிப்பா ஆகாது, அதுல இருக்கிற எஸ்டிஎஸ்ஸும் உப்பும் முதல் ஓட்டத்தயே கெடுத்துடும், 7 மோலார் யூரியா, 2 மோலார் தயோயூரியா, 4 சதவீதம் சாப்ஸ், 30 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 8.5, இதான் வேணும். யூரியா இருக்கிற சாம்பிள சூடு பண்ணக்கூடாது, 37 டிகிரிக்கு மேல போனா யூரியா உடைஞ்சு புரோட்டீன்ல ஒட்டி அதோட சார்ஜ மாத்திடும், ஒரே புரோட்டீன் நாலு புள்ளியா நிக்கும். நம்ம ஊர்ல சனி ஞாயிறு ஏர்கான் நிறுத்திடுற கட்டடம் இருக்கு, சாம்பிள பெஞ்ச் மேல வச்சிட்டு சாப்பாடு தாபாவ் (பார்சல்) பண்ணப் போயிடாதீங்க.

எவ்வளவு புரோட்டீன் இருக்குன்னு பிசிஏங்கிற கலர் மாறுற முறையில அளங்க, 562 நானோமீட்டர்ல படிக்கணும். ஆனா யூரியா பஃபருக்கு பிசிஏ ஒத்து வராது, தயோயூரியா பிசிஏல இருக்கிற தாமிரத்தோட சண்டை போடும், அதுக்குன்னு விக்கிற பிராட்ஃபோர்ட் வகைய எடுத்துக்கோங்க.

இப்ப வெஸ்டர்ன். எஸ்ரின வச்சே சொல்றேன், ஏன்னா இந்தக் கதையில அதான் ஹீரோ. 2004ல நேச்சர் மெடிசின் இதழ்ல சந்த் கன்னாங்கிற ஆராய்ச்சியாளரும் அவரு கூட இருந்தவங்களும் எழுதினது, எஸ்ரின அடக்கிட்டா எலியோட எலும்பு கேன்சர் செல்லு நுரையீரலுக்குப் போயும் தங்க முடியல, நாய்ங்க கட்டியில எஸ்ரின் ஜாஸ்தியா இருந்தா சீக்கிரமே பரவுது, மனுசப் பிள்ளைங்களுக்கும் ஜாஸ்தியா இருந்தா நெலமை மோசமா போகுதுன்னு. எலி, நாய், மனுசன் மூணையும் ஒரே கட்டுரையில கோர்த்து எழுதியிருக்காங்க, உங்க புராஜெக்ட்டுக்கு பாட்டன் மாதிரி அது. எஸ்ரின் என்ன பண்ணுதுன்னா செல்லோட தோலையும் உள்ள இருக்கிற ஆக்டின் கயிறையும் சேத்துக் கட்டுற கொக்கி, அவ்வளவுதான். கணக்குப்படி 69 கிலோடால்டன், ஆனா ஜெல்லுல 80 பக்கத்துல நிக்கும், பட்டை தப்பான எடத்துல இருக்குன்னு பயந்துடாதீங்க.

20லேர்ந்து 30 மைக்ரோகிராம் ஏத்துங்க. நாலு செல்லையும் ஒரே ஜெல்லுல, ஜோடி பக்கத்துல பக்கத்துல. புரோட்டீன மாத்துற பிவிடிஎஃப் தாள மெத்தனால்ல நனைக்காம வச்சா ஒட்டாது. ஆன்டிபாடி கண்ட எடத்துலயும் ஒட்டாம தாள மறைக்கிறதுக்கு 5 சதவீதம் பால் பவுடர் போதும், ஆனா ஃபாஸ்ஃபேட் ஏறின புரோட்டீன மட்டும் பிடிக்கிற ஃபாஸ்ஃபோ ஆன்டிபாடின்னா பால் வேணாம், பால்ல இருக்கிற கேசீனே ஃபாஸ்ஃபேட் ஏத்தின புரோட்டீன்தான், பின்னணி கருத்துப் போயிடும், பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின்) போடுங்க.

எஸ்ரின் வேலை செய்யணும்னா அதோட 567ஆவது எடத்துல இருக்கிற திரியோனின்ல ஃபாஸ்ஃபேட் ஏறணும். அதுக்குன்னு விக்கிற ஆன்டிபாடி பெரும்பாலும் எஸ்ரினுக்கு மட்டும் இல்ல, அதோட பங்காளிங்க ரேடிக்ஸினையும் மோயஸினையும் சேத்தே பிடிக்கும், மூணுக்கும் அந்த எடத்துல எழுத்து ஒன்னா இருக்கிறதால. 80ல ஒரு பட்டை 75ல ஒரு பட்டை வந்தா கீழ உள்ளது மோயஸின், மேல உள்ளது எஸ்ரினும் ரேடிக்ஸினும் கலந்தது. மேல் பட்டைய முழுசா எஸ்ரின்னு எழுதிடாதீங்க, எக்ஸாமினர் கேப்பாரு.

ஆன்டிபாடி வாங்குறதுக்கு முன்னாடி டேட்டாஷீட்ல நாய்க்கு வேலை செய்யும்னு ஒரு வார்த்தை இருந்தா அத அப்படியே நம்பாதீங்க. சோதிச்சுப் பாத்ததா, இல்ல எழுத்து ஒத்துப்போறதால செய்யும்னு ஊகமான்னு பாருங்க. எந்தத் துண்டுக்கு செஞ்ச ஆன்டிபாடின்னு போட்டிருந்தா அந்தத் துண்ட நாய் புரோட்டீன் வரிசையோட, பிளாஸ்ட்ங்கிற வரிசை ஒப்பிடுற புரோகிராம்ல ஒட்டிப் பாருங்க, பத்து நிமிச வேலை, அந்தப் பத்து நிமிசம் நான் செலவழிச்சிருந்தா மூணு வாரம் போயிருக்காது. அப்புறம் கண்டிப்பா நாய்க்கு ஒரு பாசிட்டிவ் கன்ட்ரோல் வேணும். எம்டிசிகேன்னு ஒரு செல்லு இருக்குல்ல, ஃப்ளூ வைரஸ் ஆளுங்க வளப்பாங்களே, அது 1958ல காக்கர் ஸ்பானியல் நாயோட கிட்னியிலேர்ந்து எடுத்தது. பக்கத்து வைரஸ் லேப்ல போயி நல்லா பேசி ஒரு டியூப் கேளுங்க, ஓசியிலயே கெடைக்கும். அதுல எஸ்ரின் பட்டை வந்தா ஆன்டிபாடி நாய பிடிக்குதுன்னு அர்த்தம்.

எல்லா சாம்பிளும் ஒரே அளவு ஏறுச்சான்னு ஆக்டின், ஜிஏபிடிஎச் புரோட்டீன வச்சு சமன் பண்றது பழக்கம், எனக்கு அதுல இப்ப நம்பிக்கை இல்ல. ஆக்டின் எழுத்துக்கு எழுத்து நாய்லயும் மனுசன்லயும் ஒன்னுதான், 375 அமினோ அமிலம், அதனால ஆன்டிபாடி பிரச்சன இல்ல, ஆனா பரவுற செல்லு நகர்றதே ஆக்டின வச்சுத்தானே, அது மாறாதுன்னு யாரு சொன்னா. ஜிஏபிடிஎச் சர்க்கரை எரிக்கிற என்சைம், கேன்சர் செல்லு சர்க்கரைய எப்படி முழுங்கும்னு தெரியும்ல. தாள மாத்தினதும் பொன்சோ சாயம் ஊத்தி மொத்த புரோட்டீனையும் சிவப்பா பாத்து ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க, அத வச்சே சமன் பண்ணுங்க, காசும் மிச்சம்.

வெஸ்டர்ன்ல உங்களுக்குத் தெரிஞ்ச ஆளத்தான் தேட முடியும். தெரியாத ஆள பிடிக்கணும்னா டைஜ், அதாவது கலர் சாயம் ஏத்தி ஓட்டுற ரெண்டு டைமென்ஷன் ஜெல்லு, இல்லன்னா மாஸ் ஸ்பெக். டைஜ்ல பரவாத செல்லுக்கு ஒரு கலர், பரவுற செல்லுக்கு ஒரு கலர், எல்லா சாம்பிளையும் சமமா கலந்த கலவைக்கு சை2ன்னு மூணாவது கலர், மூணும் ஒரே ஜெல்லுக்குள்ள ஓடும். 50 மைக்ரோகிராம் புரோட்டீனுக்கு 400 பிக்கோமோல் சாயம், ஐஸ்ல இருட்டுல அரை மணி நேரம், அப்புறம் லைசின் ஊத்தி நிறுத்தணும். சாயம் லைசின்லதான் ஒட்டும், அதனால பஃபர்ல வேற அமீன் இருந்தா அது சாயத்த முழுங்கிடும், பிஎச் 8.5லேர்ந்து எறங்கினாலும் ஒட்டாது. பாதி சாம்பிளுக்கு கலர மாத்திப் போடுங்க, சில புரோட்டீனுக்கு ஒரு கலர் மட்டும் ஜாஸ்தி பிடிக்கும். நாய் ஜோடிக்கு தனி ஜெல்லு, மனுச ஜோடிக்கு தனி ஜெல்லு, கலவையும் தனித்தனி. வெஸ்டர்ன் மாதிரி இல்ல, டைஜ்ல ரெண்டு இனத்தையும் ஒரே ஜெல்லுல கலந்துடாதீங்க, ஒரு அமினோ அமிலம் மாறினாலே சார்ஜ் மாறி புள்ளி பக்கவாட்டுல நகர்ந்துடலாம், ஒரே புரோட்டீன் ரெண்டு எடத்துல நின்னு ஒன்ன ஒன்னு தெரியாத மாதிரி இருக்கும்.

மாஸ் ஸ்பெக் பெரும்பாலும் நீங்க ஓட்ட மாட்டீங்க, சாம்பிள் குடுத்துட்டு ஃபைல் வாங்குவீங்க. ஃபைல் வந்ததுக்கு அப்புறம்தான் நம்ம ஆளுங்க வழுக்குற எடம். நாய் சாம்பிள மனுச டேட்டாபேஸ்ல தேடாதீங்க. டிரிப்சின் லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னாடி வெட்டும், அந்தத் துண்டுல ஒரு எழுத்து மாறினாலும் பெரும்பாலும் எடை மாறும், கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியாது, கடைசியில ரெண்டு இனத்துக்கும் ஒன்னா இருக்கிற துண்டு மட்டும் தேறும், அப்புறம் நாய்ல புரோட்டீன் கம்மின்னு எழுதுவீங்க. பாக்ஸர் நாய் டாஷாவோட ஜீனோம் 2005லயே வந்தாச்சு, நாய்க்குன்னு தனி டேட்டாபேஸ் யூனிபுராட்ங்கிற புரோட்டீன் தளத்துல இருக்கு, அத எடுத்துக்கோங்க. ஒரு குறை, மனுசனுக்கு 20 ஆயிரம் புரோட்டீன் ஆளு உக்காந்து சரி பாத்து வச்சிருக்காங்க, நாய்க்கு பெரும்பாலானது கம்ப்யூட்டரே எழுதிக்கிட்டது, ஒரே புரோட்டீன் மூணு பேர்ல வரும். அதனால புரோட்டீன் நம்பர வச்சு சேக்காம ஜீன் பேர வச்சு சேருங்க, பேரு இல்லாதத மனுசனோட பிளாஸ்ட் பண்ணி பேரு வைங்க. கூடவே மாட்டு சீரம், கெரட்டின், டிரிப்சின் எல்லாம் இருக்கிற கழிசடை லிஸ்ட்டையும் சேத்தே தேடுங்க. குறைஞ்சது ரெண்டு தனித் துண்டு இல்லாத புரோட்டீன நான் நம்புறது இல்ல, எஃப்டிஆர், அதாவது தப்பா அடையாளம் காட்டினதோட வீதம், ஒரு சதவீதம்னு எல்லாரும் வைக்கிறதுதான்.

கணக்கு எப்படின்னு சும்மா ஒரு கற்பனை நம்பர் வச்சு காட்டுறேன். சாவோஸ்-2ல ஒரு புரோட்டீன் 100, எல்எம்7ல 250. பிஓஎஸ்ல 40, எச்எம்பிஓஎஸ்ல 96. நேரா பாத்தா பரவுற நாய் செல்லுல இருக்கிற 96, பரவாத மனுச செல்லுல இருக்கிற 100ஐ விட கம்மி, ஒன்னும் இல்லன்னு தூக்கிப் போட்டுடுவீங்க. ஜோடிக்குள்ள பாருங்க, மனுசன்ல 2.5 மடங்கு, நாய்ல 2.4 மடங்கு, லாக் 2ல 1.32உம் 1.26உம். கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி ஒன்னா ஏறுது. நாய் நம்பர் மொத்தமா கம்மியா இருந்ததுக்கு ஆன்டிபாடியோ கருவியோ காரணமா இருந்தாலும், வகுக்கும்போது மேலயும் கீழயும் அடிபட்டுப் போயிடுது. இதுக்குத்தான் அந்த ஜோடி ஜோடின்னு உயிர எடுத்தேன்.

ஒரே நாள்ல மூணு தட்டு வச்சா அது மூணு ரிப்ளிகேட் இல்ல லா, ஒரு நாள மூணு தடவை அளந்தது. வேற வேற வாரம், வேற வேற பாசேஜ் நம்பர் (செல்ல எத்தனாவது தடவை பிரிச்சு வளத்ததுங்கறது), குறைஞ்சது மூணு, முடிஞ்சா நாலு அஞ்சு. ஆயிரக்கணக்குல புரோட்டீன ஒரே நேரத்துல சோதிக்கிறதால பி மதிப்ப பெஞ்சமினி-ஹாக்பெர்க் முறைய வச்சு திருத்தணும், இல்லன்னா ஆயிரம் புரோட்டீன்ல 50 சும்மாவே 0.05க்கு கீழ வந்து நிக்கும். திருத்தினதுக்கு அப்புறம் மனுச லிஸ்ட், நாய் லிஸ்ட் ரெண்டையும் பக்கத்துல வைங்க, ரெண்டுலயும் இருந்து ஒரே திசையில போறது மட்டும் தனியா எடுங்க. ஒன்னுல ஏறி இன்னொன்னுல எறங்குறதையும் ஒரு ஓரமா எழுதி வைங்க, தூக்கிப் போடாதீங்க, நாய்க்கு குடுக்கிற மருந்து மனுசனுக்கு வேலை செய்யாமப் போறதுக்குக் காரணம் அங்க கூட இருக்கலாம். மிஞ்சுற லிஸ்ட் சின்னதாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. ஸ்ட்ரிங்ங்கிற புரோட்டீன் உறவு டேட்டாபேஸ்ல போட்டு யாரு யாரு கூட கை கோர்த்திருக்காங்கன்னு பாக்கும்போது ரெண்டுக்கும் மனுச பேர வச்சே பாத்தா வேலை சுலபம்.

கடைசியா, லிஸ்ட்ல மேல வந்த ரெண்டு மூணு புரோட்டீன வெஸ்டர்ன்ல திரும்ப பாத்துட்டு, ஜீன அடக்குற எஸ்ஐஆர்என்ஏ வச்சு அடக்கி, தட்டுல போட்ட கீறல செல்லு மூடுற வேகம் கொறையுதான்னு பாருங்க. மனுசனுக்குன்னு வாங்கின எஸ்ஐஆர்என்ஏவ நாய் செல்லுல ஊத்திட்டு வேலை செய்யலன்னு சொல்றவங்கள நான் பாத்திருக்கேன், 21 எழுத்துல ரெண்டு எழுத்து மாறினாலே பிடிக்காமப் போகலாம், நாய் ஜீன் வரிசைய பாத்து தனியா டிசைன் பண்ணுங்க. சூப்பர்வைசர்கிட்ட கேட்டு செர்டாங் யுபிஎம் யுனிவர்சிட்டியில இருக்கிற வெட்னரி ஃபேக்கல்ட்டி ஆளுங்ககிட்டயும் ஒரு வார்த்தை பேசிப் பாருங்க, நாய்ங்களோட நிஜக் கட்டி தெனமும் பாக்குறவங்க தட்டுல வளந்த செல்ல விட நெறைய சொல்லுவாங்க.

செல்ல உடைச்சு எடுத்த மிச்ச லைசேட்ட 50 மைக்ரோலிட்டரா பிரிச்சு மைனஸ் 80ல வைங்க, ஒரு டியூப ஒரு தடவைக்கு மேல உருக்காதீங்க. டியூப் மேல சாம்பிள் 1, சாம்பிள் 2ன்னு எழுதாதீங்க, செல்லு பேரு, இனம், பாசேஜ், தேதி, எந்த பஃபர், இவ்வளவும் எத்தனால் பட்டாலும் அழியாத பேனாவுல எழுதுங்க. என் பெட்டியில இன்னமும் எஸ்1லேர்ந்து எஸ்12 வரைக்கும் பன்னெண்டு டியூப் கெடக்கு, எது நாய் எது மனுசன்னு அந்த ஃப்ரீசருக்குத்தான் தெரியும்.